மாடித் தளமும் மழைக்காலமும்



போகிக்கு வீட்டை வெள்ளையடிப்பதில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையிலேயே வந்துவிடுகிறது. நாம் மார்கழி முடிவில் வெள்ளையடிப்பது பெரும்பாலும் மழைக்கறையின் மீதுதான்! மாடித் தளத்தைக் கவனிக்க வேண்டிய மாதம் புரட்டாசி. அம்மாதத்திலோ, பிரம்மோற்சவத்துக்கு வரும் உறவினரை உபசரிக்கவே பொழுது போதுவதில்லை. ஆதலால் ஆவணியிலேயே, வெயில் காயும் ஒரு ஞாயிறன்று ஏணியை எடுத்துவிடுதல் நலம்.

2021 நவம்பர்ப் பெருமழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. தெரு வெள்ளம் நம் கையில் இல்லை. கூரை நீர் நம் கையில் உள்ளது. இருப்புப்பாதையில் மழைக்கு முன்னரே வடிகால்களைத் தூர் வாருவர். வீட்டுக்கும் அதுவே முறை. தூம்பின் வாயிலுள்ள சருகை நீக்கி, சில குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் ஒழுக்கு பிறக்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கிள்ளிவிடுதல் போதாது. வேரைத் தோண்டி எடுக்காவிடில் மீண்டும் தழைக்கும்.

பழைய சுண்ணாம்புத் தளத்தின் வெடிப்பில் சிமெண்டு பூசுவது பலர் வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று. சிமெண்டு விறைப்பான பொருள். வெயிலில் தளம் விரிந்து சுருங்குகையில் அது தனியே பெயர்ந்துவிடும். ஈரமும் அதனடியில் சிறைப்படும். வெடிப்பை உளியால் சற்று அகலமாக்கி, தூசி தட்டி, நனைத்து, மணலும் சுண்ணாம்பும் குழைத்த சாந்தை அழுத்தி நிரப்புக. நம் முன்னோர் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரையும் அதில் சேர்த்தனர். பின்பு சில நாள் ஈரச்சாக்கால் மூடியிருத்தல் வேண்டும்.

காரை உதிர்ந்து, துருவேறிய கம்பி வெளித்தெரியும் கான்கிரீட்டை மட்டும் நாமே தொடலாகாது. அதற்குப் பொறியாளரை அழையுங்கள்.