நெஞ்சுக்குள் ஒரு கொழுப்புக் கட்டி

தம்போய் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலோ, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரிலோ வேலைக்குச் சேரும்போது நெஞ்சு எக்ஸ்ரே கேட்பார்கள். முக்கியமாகத் தேடுவது காசநோயை. எப்போதாவது ஒருவருடைய படத்தில் இதயம் வீங்கியது போலத் தெரியும். வீடே கலங்கிப்போகும். சோதித்துப் பார்த்தால் இதயத்தில் கோளாறு இருக்காது. அதன் மேல் சாய்ந்து கிடப்பது ஒரு கொழுப்புக் கட்டியாக இருக்கும்.

தைமோலிப்போமா என்பது அதன் பெயர். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, பிள்ளைப் பருவத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பழக்கும் பள்ளிக்கூடம். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிவிடும். அரிதாகச் சிலருக்கு அங்கே கொழுப்பு கட்டியாகத் திரளும். இது புற்றுநோய் அல்ல. மெத்தென்று இருப்பதால் கிடைக்கும் இடத்திலெல்லாம் இறங்கிப் படரும். அரை கிலோவைத் தாண்டியும், 2 கிலோவுக்கு மேலும் வளர்ந்ததுண்டு. அப்படியும் பாதிப் பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை!

மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும், இருமல் வரும், நெஞ்சு கனக்கும். சிலருக்கு மாலையானால் கண்ணிமை தொங்கும், மெல்லும்போது தாடை சோர்ந்துவிடும். அது தைமஸோடு தொடர்புள்ள தசைச் சோர்வு நோய்.

இன்னொரு வகை உண்டு. மூச்சுக்குழாய்க்குள்ளேயே முளைக்கும் சின்னக் கொழுப்புக் கட்டி அது. காற்று போகும் வழியை அடைப்பதால் இழுப்பு வரும். ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் மருந்தை உறிஞ்சியும் குணமாகாதவர்களில் சிலருக்கு இதுவே காரணமாக இருந்திருக்கிறது. 1937 முதல் இயங்கும் பெர்மாய் மனநல மருத்துவமனையை வைத்துத் தம்போயைக் கேலி செய்வோர் உண்டு. அதைவிட மோசம், மூச்சு முட்டுகிறது என்பவரிடம் "உனக்கு மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிடுவது.

சி.டி. ஸ்கேனில் கொழுப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் அளவுகோலில் தண்ணீர் 0 என்றால் கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. ஆனாலும் கொழுப்பில் தோன்றும் புற்றுநோயும் ஒன்று இருக்கிறது. பார்வையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. திசுவைச் சோதிக்க வேண்டி வரலாம். அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுத்துவிட்டால் தைமோலிப்போமா திரும்புவது மிக மிக அரிது.

பட்டினி கிடந்தாலும், கஷாயம் குடித்தாலும், எண்ணெய் தேய்த்து உருவினாலும் இந்தக் கட்டி கரையாது. காத்திருக்கும் நாளெல்லாம் அது வளரும் நாள். அரசாங்க கிளினிக்கில் காட்டி, ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஐந்தாண்டுக்கு முன் அந்த நிழல் எவ்வளவு இருந்தது என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும்.