செம்மண் தூசும் வண்டியின் மூச்சும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்து மக்களிடையே இன்று பிக்கப் வண்டி ஒரு குடும்பச் சொத்தாக விளங்குகின்றது. பல ஆண்டுச் சேமிப்பையும் சேமநிதிப் பணத்தையும் ஒன்றுசேர்த்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கி, கட்டிப்பால் ஏற்றவும், உரமூட்டை கொண்டு செல்லவும், சிறு குத்தகை வேலை எடுக்கவும் பயன்படுத்துவோர் உங்களில் பலர். அவ்வண்டியின் எஞ்சின் பழுதுற்றால் குடும்பத்தின் வருவாயே தடைப்படும். ஆதலால், அந்த எஞ்சினைக் காக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். பட்டறைகளில் 'ஏர் பில்டர்' எனப்படும் காற்று வடிகட்டியே அது.

எஞ்சினுக்கு எண்ணெய் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழலுங்கால், ஏறக்குறைய 2,500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கின்றது. ஒரு மணி நேரத்தில் இது 150 கன மீட்டராகும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறைகள் இரண்டரையில் அடங்கும் காற்று இது! டர்போ பொருத்திய எஞ்சினோ இதனினும் மிகுதியாக இழுக்கும். முன்னே ஒரு லோரி சென்று, செம்மண் புழுதி மேகம்போல் எழும் தோட்டத்துச் சாலையில் இத்தனை காற்றும் எத்தகையதாய் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

செம்மண் தூசில் குவார்ட்ஸ் என்னும் மிகக் கடினமான மணல் துகள்கள் கலந்துள்ளன. அவை எஞ்சினுள் புகுந்தால் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரத்தைப்போல் அராவிவிடும். பின்னர் எஞ்சினின் வலுக் குறையும். எஞ்சின் எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும். தூசு அவ்வெண்ணெயில் கலந்து பேரிங்குகளையும் தேய்க்கும். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமனுடையது. எஞ்சினுக்குப் பெருங்கேடு விளைப்பவை 10, 20 மைக்ரான் அளவுள்ள, தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத துகள்களே. 1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இக்கேட்டை உலகம் நெடுங்காலமாக அறியும். புழுதி படிந்த வயல்களில் டிராக்டர்கள் விரைவில் தேய்ந்து போவதைக் கண்டு, அமெரிக்கரான பிராங்க் டொனால்ட்சன் என்பவர் 1915ஆம் ஆண்டிலேயே டிராக்டருக்கென ஒரு காற்று வடிகட்டியைச் செய்தார். நம் தோட்டங்களில் ஓடிய பழைய டிராக்டர்கள் சிலவற்றில் எண்ணெய்க் கிண்ணத்துடன் கூடிய வடிகட்டி இருந்ததை மூத்தோர் நினைவுகூரலாம். இன்றைய பிக்கப் வண்டிகளில் அவ்விடத்தில் மடிப்பு மடிப்பான தாள் வடிகட்டி இருக்கின்றது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். வடிகட்டியை மாற்றச் செல்லும் இளைஞர்களிடம் சில கடைகளில், "இதைப் போடுங்கள், வண்டி பறக்கும், எண்ணெயும் மிச்சமாகும், கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்" என்று கூறிப் பல மடங்கு விலையுள்ள பஞ்சுத்துணி வடிகட்டியையோ, திறந்த கூம்பு வடிவ வடிகட்டியையோ காட்டுகின்றனர். இக்கூற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

பால் நிலையத்தில் பாலை வடிகட்டும் சல்லடையை எண்ணிப் பாருங்கள். கண் பெரிதான சல்லடையில் பால் விரைந்து இறங்கும். மரப்பட்டையும் குப்பையும் உடன் இறங்கும். காற்று வடிகட்டியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. காற்றை மிக எளிதில் விடும் வடிகட்டி, தூசையும் கூடுதலாக விடக்கூடும். நூற்றுக்கு 99 பங்கு தூசைத் தடுப்பது ஒன்று, 98 பங்கு தடுப்பது மற்றொன்று எனக் கொள்வோம். வேறுபாடு ஒன்றுதானே எனத் தோன்றும். ஆனால் 100 கிராம் தூசு வருமிடத்து, முன்னது 1 கிராமை உள்ளே விடும். பின்னதோ 2 கிராமை விடும். எஞ்சினைச் சேரும் தூசு இருமடங்காகின்றது! எனவே கடைக்காரரிடம், "எவ்வளவு வேகம் கூடும்?" என்று கேட்பதை விட்டு, "எவ்வளவு தூசைத் தடுக்கும்?" என்று கேளுங்கள். வடிகட்டிகளைச் சோதிக்கும் பன்னாட்டு முறைக்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்று பெயர். அம்முறைப்படி சோதித்த அளவுகளை வெளியிடும் தயாரிப்பாளரின் பொருளை நம்பலாம்.

எண்ணெய் பூசிய பஞ்சு வடிகட்டியில் வேறொரு தொல்லையும் உண்டு. எண்ணெயை அளவு மீறிப் பூசினால், அது காற்றோடு சென்று காற்றளவு காட்டும் கருவியின் சூடான கம்பியில் படியக்கூடும். அக்கருவி தவறான அளவைச் சொல்ல, எஞ்சின் தடுமாறும். திறந்த கூம்பு வடிகட்டியோ எஞ்சின் அறையின் வெப்பக் காற்றை இழுக்கின்றது. காற்றின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு குறையும். ஓசை பெருகும், வலு பெருகுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காற்றுக் குழாயின் வாயைத் தாழ்த்தி அமைப்பதும் ஆபத்தாகும். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் வந்த பெருவெள்ளங்களை நாம் மறக்கவில்லை. தாழ்ந்த வாய் வழியே நீர் சிலிண்டரில் புகுந்தால், நீரை அமுக்க இயலாமையால் இணைப்புத் தண்டே வளைந்து எஞ்சின் பாழாகும். வண்டியின் அமைப்பை மாற்றக் கருதுவோர் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டறிதல் நலம்.

அப்படியாயின் எதை வாங்குவது? வண்டியின் கையேட்டில் கண்ட பாக எண்ணுக்கு ஒத்த நல்ல தாள் வடிகட்டியே தோட்டத்து வண்டிக்குச் சாலச் சிறந்தது. வண்டி நிறுவனத்தின் பெயரில் வருவதாயினும், பெயர் பெற்ற வேறு தயாரிப்பாளருடையதாயினும் ஏற்புடையதே. போலிகளும் விற்கப்படுவதால், கையில் எடுத்துப் பாருங்கள். மடிப்புகள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு மென்மையாகவும் வெடிப்பின்றியும் இருத்தல் வேண்டும். பழையதோடு வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். விளிம்பு சரிவரப் பொருந்தாவிடில், உலகிலேயே சிறந்த வடிகட்டியும் பயன்படாது. ஏனெனில் காற்று இடுக்கு வழியே புகுந்துவிடும்.

பராமரிப்பிலும் கவனம் தேவை. தாள் வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பட்டறைக் காற்றுக் குழாயின் முழு அழுத்தத்தில் ஊதினால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். நாடோறும் கழற்றிப் பார்ப்பதும் வேண்டா. சிறிதளவு தூசு படிந்த தாள், புதிய தாளைவிட நன்றாகவே வடிகட்டும். கையேடு கூறும் கால அளவு நல்ல சாலைக்கு உரியது. செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு அதனைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது, வடிகட்டிக்கு அப்பால் எஞ்சினை நோக்கிச் செல்லும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செந்நிறம் ஒட்டினால் எங்கோ கசிவு உண்டு. புதிய வடிகட்டி மட்டும் அதனைத் தீர்க்காது; குழாயின் இணைப்புகளையும் வளையக் கவ்விகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

எண்ணெய்ச் செலவைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கணினி வழி இயங்கும் பெட்ரோல் சிற்றுந்துகளில் அடைபட்ட வடிகட்டியால்கூட எண்ணெய்ச் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றும், வேகமெடுக்கும் திறனே குன்றியது என்றும் கண்டனர். அடைபட்டதே அவ்வாறெனில், விலையுயர்ந்த வடிகட்டியால் எண்ணெய் மிச்சமாகும் என்ற சொல்லை நம்பிப் பணத்தைச் செலவிடலாமோ?

பெருமக்களே! வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. நல்ல தாள் வடிகட்டியின் விலை சிறிது. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவோ பெரிது. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தால் வாங்கிய வண்டி, உங்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவு முடியும்வரை உழைக்க வேண்டாமா? அடுத்த முறை வடிகட்டி வாங்கச் செல்லும் இளைஞரிடம், பளபளப்பையும் ஓசையையும் பாராமல், விளிம்பையும் மடிப்பையும் பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள்.