பகுபதமும் பகு எண்ணும்



தமிழாசிரியனுக்கு எண்ணோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். பிரிக்கத்தக்க சொல்லைப் பகுபதம் என்றும், பிரிக்க இயலாததைப் பகாப்பதம் என்றும் நன்னூல் வகுக்கிறது. கணிதத்தாரும் எண்களை அவ்வாறே வகுக்கின்றனர். 7, 11 போல, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றிப் பிரிபடாதது பகா எண். நம் மாணவர் முதன்மை எண் என்று படிப்பது. 15 போல, சிறிய எண்களின் பெருக்கமாகப் பிரிவது பகு எண். அதாவது சேர்த்தி எண்.

பதினைந்தைச் சிறுவரும் பிரிப்பர். 21 இலக்கம் கொண்ட எண்ணை? இரண்டை 67 தடவை எழுதிப் பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 வரும். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644 இல் இதைப் பகா எண்ணென்று பட்டியலிட்டார். 1876 இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், அது பகு எண்ணே என நிறுவினார். ஆயினும், அது எவ்வெண்களாகப் பிரியும் என்பதை அவருடைய முறை காட்டவில்லை. பிழை தெரிந்தது, பிரிப்புத் தெரியவில்லை.

1903 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்திலே பிராங்க் நெல்சன் கோல் உரையாற்ற எழுந்தார். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்று ஈ. ரி. பெல் பின்னாளில் எழுதினார். கரும்பலகையின் ஒரு புறத்தில் அந்தப் பேரெண்ணைக் கணித்து எழுதினார். மறுபுறத்தில் 193707721 ஐ 761838257287 ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. வெண்கட்டியை வைத்துவிட்டு அமர்ந்தார், அவை கைதட்டியது. அதற்குச் சென்ற காலம் எவ்வளவு என்று பெல் வினவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

இதனை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சில நாள்களுக்கு முன், ‘பொன்னன்’ என்பதைப் பகாப்பதம் என்று எழுதிய மாணவனின் விடையைச் சிவப்பு மையாற் கீறியிருந்தேன். “சேர், ஆளின்ரை பேர்தானே, இதை எப்பிடிப் பிரிக்கிறது?” என்று அவன் கொப்பியோடு வந்து நின்றான். “பிழையெண்டால் பிழைதான், போ” என்று அனுப்பிவிட்டேன். மூன்று ஆண்டுகளின் ஞாயிறுகளை ஒருவர் கொடுத்த இடத்தில் எனக்கு மூன்று நிமிடம் இல்லாமற் போயிற்று.

மறுநாள் வகுப்பிற் புகுந்ததும் நானும் பேசவில்லை. பொன் + அன் என்று எழுதினேன். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது, பொன்னன் ஆயிற்று. பொன்னை உடையவன் பொன்னன். பின்வாங்கிலிருந்த அந்த மாணவன் தலையசைத்துத் தன் கொப்பியைத் திறந்தான்.

பிழை என்று சொல்வது தீர்ப்பு. பிரித்துக் காட்டுவதே கற்பித்தல்.