எந்த மாயாவி?



பத்மநாபபுரத்திலோ பக்கத்துத் தக்கலையிலோ 1980களில் வளர்ந்த ஒருவரிடம் ‘மாயாவி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எந்த மாயாவி?’ என்று திருப்பிக் கேட்பார். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி ஒருவர். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். கோட்டயத்திலிருந்து மலையாளச் சிறுவர் இதழ் ‘பாலரமா’வில் வந்த குட்டிச்சாத்தான் மாயாவி இன்னொருவர். ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் மந்திரக்கோலோடு வந்து நிற்பார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. பத்மநாபபுரம் அரண்மனையை இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. அப்படியிருக்க, பெட்டிக்கடைக் கயிற்றில் இரண்டு மொழிப் புத்தகங்களும் சேர்ந்து தொங்கியதில் அதிசயம் ஒன்றுமில்லை. தமிழ்ச் சிறுவர் இதழ் ‘அம்புலிமாமா’வும் மலையாள ‘அம்பிளி அம்மாவ’னும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். படம் ஒன்று, எழுத்துத்தான் வேறு.

அந்த அம்புலிமாமா இன்று இல்லை. பாலரமா இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் யோசிப்போம்.

அம்புலிமாமா 1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் பிறந்தது. நடத்தியவர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியும். ‘பாதாள பைரவி’, ‘மாயாபஜார்’ படங்களை எடுத்த அதே இரட்டையர்தான். தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கி, கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், ஒரியா, வங்காளம் என்று பரவி, சிங்களம் வரைக்கும் போனது. ஒரே கதை ஒரே மாதத்தில் இத்தனை மொழிப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் குழந்தைகளுக்காக இவ்வளவு பெரிய ஏற்பாட்டை அதற்கு முன் யாரும் செய்ததாக நான் அறியவில்லை.

அதன் உயிர்நாடி விக்கிரமாதித்தன் கதை. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, உருவிய வாளோடு மயானத்தில் நடக்கும் மன்னனை வரைந்தவர் ஓவியர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர். 2020-இல் 96 வயதில் காலமானார். பழைய வேதாளக் கதைகள் மொத்தமே இருபத்தைந்துதான். அம்புலிமாமாவோ பல பத்தாண்டுகள் மாதம் தவறாமல் ஒரு வேதாளக் கதை போட்டது. மிச்சத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? ஆசிரியர் குழு உட்கார்ந்து எழுதியது. தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980-இல் இறக்கும்வரை அந்தக் குழுவை நடத்தினார். முருங்கை மரம், பிணம், கேள்வி, பதில், மறுபடி முருங்கை மரம். சட்டகம் மாறவே இல்லை. உள்ளே இருந்த சிக்கல் மட்டும் மாதா மாதம் புதிது. ஆகவே ‘ஒரே மாதிரி இருந்ததால்தான் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்’ என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே மாதிரி இருப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நேற்றுச் சொன்ன கதையில் இன்று ஒரு வரி மாறினாலே சண்டைக்கு வருவார்கள். சட்டகத்துக்குள் புதிதாகப் போட ஆள் இல்லாமல், பழைய கதைகளையே எடுத்து மறுபடி அச்சிட ஆரம்பித்தார்களே, பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

‘எல்லாம் டிவி வந்ததனால்’ என்பது அடுத்த பதில். இந்தப் பகுதியில் அந்தப் பதில் அவ்வளவு எளிதாக எடுபடாது. வேளிமலைக்கு இந்தப் பக்கம் வந்த டிவிதான் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் வந்தது. 1985-இல் தூர்தர்ஷனே விக்கிரமனையும் வேதாளத்தையும் இந்தியில் காட்டியது. கேபிள், கார்ட்டூன் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. அப்படியும் 1972-இல் தொடங்கிய பாலரமா, மாத இதழாக இருந்தது மாதம் இருமுறையாகி, பிறகு வார இதழும் ஆனது. டிவி கொன்றது என்றால் அதையும் அல்லவா கொன்றிருக்க வேண்டும்?

வித்தியாசம் என்னவென்றால், பாலரமாவை நடத்தியது மலையாள மனோரமா நாளிதழ். காலையில் செய்தித்தாள் போடுகிற ஏஜென்ட்தான் பாலரமாவையும் திண்ணையில் வீசிவிட்டுப் போவார். வாங்கித் தா என்று பிள்ளை அடம்பிடிக்க வேண்டியதில்லை, மாதக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். அம்புலிமாமா கடையில் தொங்கியது. அப்பாவின் மனநிலை, சட்டைப்பையில் உள்ள சில்லறை, பஸ் வருவதற்குள் கிடைக்கிற இரண்டு நிமிடம், இத்தனையும் கூடிவந்தால்தான் வீட்டுக்கு வரும்.

அந்தக் கயிறும் ஒருநாள் அறுந்தது. 1998-இல் தொழிலாளர் தகராறில் அம்புலிமாமா நின்றுபோனது. திரும்ப வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பெரியவர்களுக்கு ஓராண்டு பெரிய விஷயமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு? நான்காம் வகுப்பில் விட்டவன், அது திரும்பி வந்தபோது மேல் வகுப்புக்குப் போயிருந்தான். அவனுக்குக் கீழே இருந்தவர்கள் அந்தப் பெயரையே கேள்விப்படாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பத்திரிகைக்கு நிரந்தர வாசகர் என்று யாரும் கிடையாது. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விடும். தியேட்டரில் அடுத்த ஆட்டத்துக்குக் கதவு திறந்துவிடுகிற மாதிரி புதிய கூட்டத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கதவு ஓராண்டு பூட்டிக் கிடந்தது.

அப்புறம் 2007-இல் ஜியோடெசிக் என்ற மும்பை மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றினார்கள். வயதான வாசகர்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, வழக்குகளில் சிக்கியது. 2013 வாக்கில் அச்சும் நின்றது, சற்றுப் பின்னால் இணையதளமும் போனது. வாங்கியவர்கள் நாற்பது வயதுக்காரர்களின் ஞாபகத்துக்கு விலை கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி அந்தப் பேரத்தில் எங்கேயும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது கொஞ்சம் கசக்கும். நம் குமரி மாவட்டம் படிப்பில் முன்னணி என்று பெருமை பேசுகிறோம். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பத்து வயதுப் பிள்ளையிடம் அரைப்பக்கத் தமிழ்க் கதையைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் ஆர்வம் போய்விடும். தமிழ் அவர்களுக்குத் தேர்வுக்குரிய பாடம் ஆகிவிட்டது. ‘கோகுலம்’, ‘சுட்டி விகடன்’ என்ற சிறுவர் இதழ்கள் இரண்டும் நின்றுபோனதில் விளம்பரம், காகித விலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டுதான். இந்த வாசிப்புத் தடுமாற்றத்துக்கும் உண்டு.

இந்த மண்ணிலேயே இதைவிடப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. குமரி மாவட்டத்துக் கிராமங்களில் முன்பெல்லாம் நாள்கணக்கில் தோல்பாவைக்கூத்து நடக்கும். நடத்துகிறவர்கள் வீட்டில் மராத்தி பேசுகிற மண்டிகர்கள். நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கதை ராமாயணம். பிள்ளைகள் முன்வரிசையில் இடம் பிடித்ததோ ராமனுக்காக அல்ல, உச்சிக்குடும்பனுக்காகவும் உளுவத்தலையனுக்காகவும். அந்த இரண்டு கோமாளிப் பாவைகளும் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சங்கதியைப் பேசுவார்கள். திரைக்குப் பின்னால் இருக்கிற கலைஞர் முன்வரிசைச் சிரிப்பைக் காதால் கேட்டே அடுத்த வரியைப் போடுவார். சென்னையில் அச்சாகிப் பல மொழிக்குப் போகிற பத்திரிகைக்கு அந்தக் காது கிடையாது. அந்தக் காது இருந்தும் கூத்து தேய்ந்தது என்பது வேறு துயரம். சினிமாவும் மேடைக் கச்சேரியும் கோயில் கொடைகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

முத்து காமிக்ஸ் கதை இன்னும் விசித்திரம். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அதுவும், 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து இன்னும் வருகின்றன. ஆர்ட் பேப்பர், முழு வண்ணம், அருமையான அச்சு. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் கூடுகிறார்கள். போய்ப் பார்த்தால் அநேகமாக எல்லாருக்கும் நரை. பத்து வயதில் வாசித்தவர்களேதான் இன்றும் வாசிக்கிறார்கள். பத்திரிகை பிழைத்துக்கொண்டது, பிள்ளைகளை இழந்துவிட்டது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதைக் குழந்தைகள் இதழ் என்று இனியும் சொல்ல முடியாது.

பாலரமாவும் இந்த ஆபத்துக்கு வெளியே இல்லை. 2019-இல் அது டிங்கினி என்ற புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தது. ஈட்டிமேல் ஏறிப் பறக்கும் சிவப்புக் குட்டிப் பிசாசு லுட்டாப்பியை அதற்காகக் கழற்றிவிடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், கேரளத்தில் சமூக வலைத்தளமே கொந்தளித்தது. ‘லுட்டாப்பியைக் காப்பாற்றுங்கள்!’ சத்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிற இளைஞர்கள். புதுப் பாத்திரம் யாருக்காக வந்ததோ அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு ஃபேஸ்புக்கில் கணக்கு இல்லை. இதற்கு மாறாக, ஜப்பானின் போக்கிமான் தொடரைப் பாருங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய உயிரினங்களைக் கூட்டமாக இறக்குவார்கள். கால் நூற்றாண்டு நாயகனாக இருந்த ஆஷையே 2023-இல் வழியனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் அழுதார்கள், தொடர் நிற்கவில்லை.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இதழ்களைத் தொடங்கியது. வீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளை இருந்தால், பையில் அவற்றில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் வாங்கிப் புரட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ‘அம்புலிமாமா மாதிரி வருமா’ என்றுகூட வாயில் வரும். தயவுசெய்து அதைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.