மூங்கில் குழாயும் ஓக் பீப்பாயும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலையைப் பத்திப் பேசாதே, உனக்குப் பிடிச்ச ஒரு விஷயத்தைப் பத்திப் பேசு" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் "பீர்" என்றேன். ஒரு நிமிஷம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, இது திருவண்ணாமலைப்பா" என்றார். தெரியும் அண்ணா. தீபத் திருவிழாவுக்குக் கடைகளை மூடச் சொல்லி கலெக்டர் உத்தரவு போடுகிற ஊர் இது. யாரையும் குடிக்கச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் நம் மாநிலத்தில் தெருவுக்குத் தெரு விற்கிற ஒரு பொருளைப் பற்றி, அதை மேடையில் பேசவே கூடாது என்று நாம் வைத்திருக்கிறோமே, அந்த மௌனத்தால் நமக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் பீர் என்றால் என்ன? தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்கிற ஒரு கொடியின் பூ, ஈஸ்ட். இந்த நான்குதான். கம்பு, கேழ்வரகை முளைகட்டி மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம் இல்லையா, அதே வேலைதான் முதல் படி. தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம்கள் அதற்குள் உருவாகின்றன. சரியான நேரத்தில் உலர்த்தி முளையை நிறுத்திவிட்டால் அதற்குப் பெயர் மால்ட். அதை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். சூடு நாலைந்து டிகிரி குறைந்தால் பீர் மெலிதாக வரும். கூடினால் கனமாக வரும். சாறை ஹாப்ஸோடு கொதிக்க வைத்தால் கசப்பும் மணமும் ஏறும், கெடாமலும் இருக்கும். ஆற வைத்து ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். சாறின் ஒப்படர்த்தி 1.050-இல் ஆரம்பித்து 1.010-இல் நின்றால், ஆல்கஹால் சுமார் 5 சதவீதம் என்று கணக்குப் போட்டுவிடலாம். மிச்சமாகும் சக்கை மாட்டுத் தீவனம்.

எஞ்சினியரிங் மாணவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். புள்ளியியலில் ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட் படித்திருப்பீர்கள். அந்த "ஸ்டூடண்ட்" மாணவர் இல்லை. டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். சின்னச் சின்ன மாதிரிகளை வைத்துக்கொண்டு பார்லியின் தரத்தை எப்படித் தீர்மானிப்பது என்பது அவருடைய பிரச்சினை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடக் கம்பெனி விடாததால், 1908-இல் புனைபெயரில் எழுதினார். பி.எச். என்ற அளவை 1909-இல் கொண்டு வந்த சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். கார்ல் வான் லிண்டே தன் முதல் குளிர்பதன இயந்திரங்களை 1870-களில் சோதித்துப் பார்த்தது மியூனிக்கின் பீர் ஆலையில்தான். இன்று நம் வீட்டு பிரிட்ஜுக்கு அது தாத்தா முறை.

சரி, எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? நம் ஊர்ப் பையன்கள் பலரைப் போல நானும் வேலைக்கு பெங்களூர் போனேன். அங்கே 2010-இல் இந்திரா நகரில் டாயிட் என்ற மைக்ரோ ப்ரூவரி வந்தது. அதற்கு முந்தைய வருஷம் புனேயில் டூலாலி. கடையிலேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தருகிற இடங்கள். கிராப்ட் பீர் என்கிறார்கள். பிறகு பெங்களூரில் இப்படிப் பல கடைகள் வந்துவிட்டன. ஆபீஸ் நண்பர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குக் கண்ணில் பட்டது கிளாஸ் இல்லைங்க, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குகள்! ஜாக்கெட் கூலிங், பிரஷர் வால்வ், டெம்பரேச்சர் கன்ட்ரோலர். அங்கே வேலை பார்த்தவரிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்கு முன் பீர் என்றால் ஒரே ருசிதான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் தெரிந்தது, கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வருகிறது. பழம் போட்டதால் இல்லை, அந்த ஈஸ்ட் உண்டாக்குகிற ஒரு எஸ்டரால். பார்லியைக் கருக வறுத்தால் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்; நம் டிகிரி காபி மாதிரியே கசப்பு. பாசுமதி அரிசி போட்டு ஒன்று. ஒவ்வொன்றிலும் சின்னக் கிளாஸ் வாங்கி நாலு பேர் பகிர்ந்து, இது என்ன வாசனை, ஏன் வந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு கிளாஸ் கூட முழுசாகப் போகவில்லை.

அடுத்து பீப்பாய்க்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. போர்பன் விஸ்கியைப் புது ஓக் மரத்தில், அதுவும் உட்புறம் கருக்கிய கலத்தில்தான் ஊற வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பழைய பீப்பாய்கள் மலிவாகக் கிடைத்தன. 1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலைக்காரர்கள் அதில் கனமான ஸ்டவுட்டை நிரப்பி மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் அது தனி வகையாகிவிட்டது.

மரம் என்ன செய்கிறது? ஓக் மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் தருகிறது. அதுதான் வெனிலா வாசனை. லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தருகிறது. மரத்தின் நுண்துளைகள் வழியாகக் காற்று மிக மிக மெதுவாக உள்ளே போய், கரடான ருசியை மழுங்கச் செய்கிறது. காற்று கூடினால் எல்லாம் வினிகர்தான். பெல்ஜியத்தின் லாம்பிக் பீர்க்காரர்கள் ஈஸ்டே போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருக்கிற நுண்ணுயிர்களை நம்பி, ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை பீப்பாயில் விட்டுவிடுகிறார்கள். நம் வெயிலில் இதெல்லாம் வேகமாக நடக்கும். ஸ்காட்லாந்தில் விஸ்கிப் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். அந்த வெப்பத்தையே பலமாக்கிக்கொண்டுதான் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவில் கொண்டுபோய் விற்றது. இலங்கையிலும் தென்னங்கள்ளை வடித்து எடுத்த சாராயத்தை ஹல்மில்லா மரத் தொட்டிகளில் பல வருஷம் முதிர வைக்கிற வழக்கம் இருக்கிறது.

இது எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுக்கிறார். அண்ணா, இங்கிருந்து செங்கம் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஒரு மணி நேரம். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றிய பாட்டு. 583 அடி. கூத்தர்கள் நன்னனைப் பார்க்கப் போகும் வழியில் மலை மக்கள் என்னென்ன விருந்து தருவார்கள் என்று புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அதில் மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளின் தெளிவும் ஒன்று. யோசித்துப் பாருங்கள். கணு இருப்பதால் மூங்கிலுக்கு அடிப்பாகம் தானாகவே அமைந்துவிடுகிறது. பீப்பாய் செய்யும் தச்சன் தேவையில்லை. ஆக, மூங்கில் குழாயில் மதுவை விளைய வைக்கும் வழக்கம் நம் மாவட்டத்து மலைகளில், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் நுட்பமாக இருக்கிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, அடை சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளைய விடுகிறார்கள். அந்த அடை முளைநெல்லால் ஆனது என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். முளை, கூழ், ஆற்றுதல், நொதித்தல். நான் முதலில் சொன்ன பீர் செய்முறை வரிசை அப்படியே இருக்கிறதா இல்லையா? இந்தப் பக்கத்தை எனக்குத் தமிழாசிரியர் நடத்தவில்லை. தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போய்விட்டோம்.

அப்படியிருந்த நாம் எங்கே வந்து நிற்கிறோம்? 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் நீங்கியது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி கடைகள் திறந்தன. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருந்தது. நான் அரசியல் பேசவில்லை. ஆனால் கடைசியில் மிஞ்சியது என்ன? பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட். 42.8 சதவீதம். நிறம் வருவது பீப்பாயில் இருந்து இல்லை, கருக்கிய சர்க்கரையில் இருந்து.

ஒரு கணக்குப் போடுவோம். 330 மில்லி கிராப்ட் பீர், 5 சதவீதம் என்றால் உள்ளே போகும் ஆல்கஹால் 16 மில்லி. ஒரு குவார்ட்டர், 180 மில்லி, 77 மில்லி. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. முதலாவதை ஒரு மணி நேரம் குடிக்கிறார்கள். இரண்டாவதை, கடை வாசலில் நின்று, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துப் பிழிந்து, ஐந்து நிமிஷத்தில். ருசி பார்க்க அங்கே நேரமும் இல்லை, ருசியும் இல்லை.

அதற்குக் கூடக் காசில்லாதவன் கள்ளச்சாராயத்துக்குப் போகிறான். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது நொதித்ததில் வந்த விஷம் இல்லை. தொழிற்சாலை மெத்தனால். உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் போகும், பிறகு உயிர். வாசனையில் கண்டுபிடிக்க முடியாது. இதை வேதியியல் மாணவன் ஒவ்வொருவனும் தன் தெருவில் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பேட்ச் போட்டோவில் என் பக்கத்தில் நிற்கிறவன் இன்றைக்கு வரவில்லை. இனி வரவும் மாட்டான். பெயர் வேண்டாம், அவன் குடும்பம் இதே ஊரில் இருக்கிறது. டிராயிங் ஷீட்டில் அவன் கை பட்டால் கோடு நடுங்காது. 36 வயதில் கல்லீரல் போய்விட்டது. அவன் குடித்ததில் எதையும் அவன் ரசித்ததாக எனக்கு நினைவில்லை. மறந்துபோகத்தான் குடித்தான். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அதை வைத்து ஜோக் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நான் பீரைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட முடியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது கிராப்ட் பீருக்கும் பொருந்தும். நான் குடிப்பது மாதத்தில் ஓரிரு முறை, வண்டி எடுக்காத நாளில், சாப்பாட்டோடு, என் மனைவிக்குத் தெரிந்து. ரசனை ஒருவனைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவன் கையில் அது கொஞ்சம் மெதுவாகப் போகிறது. அவ்வளவு உறுதியாகச் சொல்வேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பீர் காய்ச்சிப் பார்க்காதீர்கள். நம் மாநிலத்தில் அது குற்றம். நொதித்தலைப் படிக்க அது தேவையும் இல்லை. ஆடி மாதம் அம்மன் கோவிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ் ராத்திரி முழுக்கப் புளிக்கிறதே, அதை எடுங்கள். மணிக்கொரு முறை பி.எச். அளந்து வரைபடம் போடுங்கள். ஜவ்வாது மலைச் சாமையை முளைகட்டி அதன் என்சைம் சக்தியைப் பாருங்கள். நல்ல பிராஜக்ட். இதற்கு வேண்டிய மீட்டரும் இன்குபேட்டரும் வாங்கித் தர எங்கள் பேட்ச் தயாராக இருக்கிறது. முதல்வர் அவர்கள் அனுமதி தர வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. உங்கள் பேட்சில் ஒருவன் காலையிலேயே குடிக்கிறான் என்றால் ஜோக் அடிக்காதீர்கள். போய்ப் பாருங்கள். "இன்னிக்கே விட்டுடு" என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மனநலப் பிரிவில் காட்டுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள். கூடப் போக ஆள் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். பெங்களூரில் இருந்து நாலைந்து மணி நேரம்தான், வந்துவிடுவேன்.