ஆங்கிலத்தில் சிரிப்பு

ஆங்கிலத்தில் 'லாஃப்' என்றால் ஒலி எழும். 'ஸ்மைல்' என்றால் எழாது. இவ்வளவும் பாலர் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. தொல்லை இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்குபவர் 'ஸ்மேர்க்' என்னும் சொல்லைக் காண்கிறார். 'புன்னகை செய்தான்' என்றெழுதி அப்பாற் செல்கிறார். தன்னைத்தானே மெச்சி, எதிரே நிற்பவரை இளக்காரமாக நோக்கி உதட்டைச் சுழித்த வஞ்சகன், தமிழிலே பண்பாளனாகி விடுகிறான்! அடுத்த அத்தியாயத்தில் அவன் செய்யும் துரோகம் வாசகருக்குக் காரணமின்றி நேர்ந்ததாகவே தோன்றும்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லே புன்னகையைக் குறித்தது. ஏறக்குறைய 1300ஆம் ஆண்டளவில் 'ஸ்மைல்' வழக்கிற்கு வந்தது. நாளடைவில் நல்ல பொருள் புதிய சொல்லுக்கு உரிமையாயிற்று. பழையது இழிபொருளோடு ஒதுங்கிற்று. 'கிறின்' என்பதோ எதிர்த்திசையில் நடந்தது. வலியாலோ சினத்தாலோ பல்லைக் காட்டுதலே அதன் பழம்பொருள். இன்று அது பெரும்பாலும் பல் தெரிய மலரும் மகிழ்ச்சி. எனவே அதனை 'இளித்தான்' என்று பெயர்ப்பது அநியாயம். இளிப்பிலுள்ள இகழ்ச்சி அதிலே இல்லை.

ஒலியோடு கூடியவற்றுள் 'சக்கிள்' தனக்குள்ளே அடங்கிய சிரிப்பு. தனியே நூல் வாசிப்பவரிடமும் எழுவது. 'கிகிள்' சிறுமியர் அடக்கமாட்டாமற் கிளுகிளுப்பது. 'கஃபோ' யாழ்ப்பாணத்தார் கெக்கட்டம் என்பதற்கு அண்மையது. 'சோர்ட்டில்' என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டே தெரியும். ஒக்ஸ்போர்ட்டிற் கணிதம் கற்பித்த லூயிஸ் கரோல், 1871இல் வெளிவந்த தமது நூலில், 'சக்கிள்' என்பதோடு மூக்காற் சீறுதலைக் குறிக்கும் சொல்லைப் பிணைத்து அதனை ஆக்கினார். விளையாட்டாய்ச் செய்த சொல் அகராதியேறிவிட்டது!

இச்சொற்கள் பெரும்பாலும் வாயின் தோற்றத்தையும் ஒலியையும் காட்டுவன. தொல்காப்பியரோ நகை எதனாற் பிறக்கிறதென்று நோக்கி எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணம் வகுத்தார். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு நோக்கும் வேண்டும். பிறர் அவமானங் கண்டு மறைவாய்ச் சிரிப்பது 'ஸ்னிகர்'. 'எள்ளி நகைத்தான்' என்றால் காரணம் வந்துவிடும், மறைத்தமை வராது. 'வாய்க்குள்' என்ற ஒரு சொல்லை முன்னே சேர்த்தால் அதுவும் வந்துவிடும்.