மரமஞ்சளும் பெரியம்மாவின் காலும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"புண்ணுக்கு மூலிகை வேலை செய்யுமோ இல்லையோ, ஒரு சொல்லிலை சொல்லும் பாப்பம்" என்று மேடைக்கு ஏறுமுன் ஓர் அக்கா கேட்டார். ஒரு சொல்லில் முடியாதபடியால்தான் இத்தனை வருடமாக நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு நீரிழிவு. காலில் ஒரு சின்னப் புண். மரமஞ்சள் அவித்த நீரால் கழுவி, மஞ்சள் அரைத்துப் பூசி, மூன்று கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டார். நோகவில்லை, ஆகவே ஆறுகிறது என்பது அவரது கணக்கு. நரம்பு மரத்துப்போனதால்தான் நோகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி எலும்புவரை இறங்கிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அந்தக் கிருமி எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் மருந்துக்கு மசியாத ஸ்ரெபிலோகொக்கஸ். மெத்திசிலின் பாவனைக்கு வந்தது 1959இல். அதை எதிர்க்கும் கிருமி 1961இலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டுவிட்டது.

அப்படியானால் பெரியம்மாவின் மரமஞ்சள் வெறும் தண்ணீரா? அதுவும் இல்லை. அதற்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் பெர்பெரின் கிருமிக்கு நஞ்சுதான். ஆனால் வெள்ளம் புகுந்த கிணற்றை நாங்கள் இறைப்பதுபோல, உள்ளே வரும் பெர்பெரினைக் கிருமி வெளியே இறைத்துத் தள்ளுகிறது. அதன் மென்சவ்வில் அதற்கென்றே ஒரு பம்பி உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், பெர்பெரிஸ் என்னும் முட்செடி பெர்பெரினோடு அந்தப் பம்பியை அடைக்கும் இன்னொரு பொருளையும் ஆக்குவதைக் காட்டினார்கள். அந்தப் பொருள் தனியே கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

ஆனாலும் அகார்த் தட்டில் சாற்றைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்ததும் துள்ளுகிற என் மாணவிகளிடம் சொல்வேன்: பிள்ளையள், தட்டிலே சீழும் செத்த தசையும் இல்லை, இரத்தவோட்டம் குறைந்த காலும் இல்லை. கொடிக்குக் கொடி பெர்பெரினின் அளவும் மாறும். அம்மியில் அரைத்த மஞ்சளோடு வேறு கிருமிகளும் புண்ணுக்குள் போகும். மரமஞ்சள் மெதுவாக வளரும் காட்டுக்கொடி. வெட்டி வெட்டியே அரிதாகிவிட்டது. மருந்து வருமுன் கொடி போய்விடுமோ என்பது என் தனிக்கவலை.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களே, ஊரிலுள்ள அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது "சாப்பிட்டீங்களோ" என்றபின் "காலை ஒருக்கால் காட்டுங்கோ" என்றும் கேளுங்கள். ஆறாத புண் என்றால் அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போதும் மரமஞ்சள் அவிக்கிறார். நல்ல காலுக்கு மட்டுமாம்.